லேப் வாசலில் நான் அழித்த இரண்டு வரி

பள்ளிக்கூட லேபுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் மெஹருன்னிசா. திருவண்ணாமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாக கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். பிள்ளைகளுக்கு மெஹர் அக்கா. கோபக்காரி என்று பெயர் எடுத்திருக்கிறேன், அந்தப் பெயரில் பொய் ஒன்றும் இல்லை. கீழே வருவதைப் படிக்கும்போது உங்களுக்கும் கோபம் வந்தால் சந்தோஷப்படுவேன்.

1. குழாயடி

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அது மூன்றாவது பிராக்டிகல். நாற்பத்தொரு பேர். பர்மாங்கனேட் டைட்ரேஷன். அதற்கு டைல்யூட் சல்ப்யூரிக் ஆசிட் வேண்டும். காலையிலேயே கலந்து டேபிளுக்கு ஒரு பாட்டில் வைத்துவிட்டேன். பாதியில் கடைசி டேபிள் பாட்டில் காலியாகிவிட்டது. இன்னொன்று எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்த டேபிளுக்குப் பக்கத்து ராக்கில் கான்சன்ட்ரேட்டட் ஆசிட் பாட்டில் இருந்தது. முந்தின நாள் பிளஸ் டூ சால்ட் அனாலிசிஸுக்கு எடுத்தது. அதைப் பூட்டி வைக்காதது என் தப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்களைத் திட்டுவதற்கு எனக்கு வசதியாக இருக்கும்.

படபடவென்று ஏதோ பொரிகிற சத்தம், அதற்கு மேல் ஒரு அலறல். ஓடி வந்து பார்த்தால் சிங்க் பக்கத்தில் ரேவதி நிற்கிறாள். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிற பெண். அதிகம் பேசமாட்டாள், ஆனால் டெஸ்ட் டியூப் கழுவச் சொன்னால் பளிச்சென்று கழுவி வைப்பாள். காலியான பாட்டிலுக்குத் தானே கலந்து கொடுத்து உதவலாம் என்று நினைத்து, பீக்கரில் கான்சன்ட்ரேட்டட் ஆசிட்டை ஊற்றி, அதற்கு மேல் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். கொதித்து மேலே தெறித்துவிட்டது. வலது மணிக்கட்டு, தாடைக்குக் கீழே மூன்று பொட்டு. பவர் கண்ணாடியில் ஒரு துளி. அந்தக் கண்ணாடி இல்லையென்றால் அது கண்ணில் விழுந்திருக்கும்.

கையைப் பிடித்துப் பக்கத்துக் குழாயடியில் வைத்தேன். தாடைக்கு என் கையால் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டேன். இருபது நிமிஷம் எடுக்கவிடவில்லை. அவள் அழவில்லை. குழப்பமாக என்னையே பார்த்தாள்.

"இன்னாடி பண்ணே? யாரு உன்னை ஆசிட்ல தண்ணி ஊத்தச் சொன்னது?"

"சார் சொன்னமாதிரிதானே பண்ணேன்கா? மாப்பிள்ளைதானே மாமியார் வீட்டுக்குப் போவணும்? மாப்பிள்ளையத்தானே ஊத்தினேன்?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது, அவள் கையை விட்டுவிட்டு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. யாரை அடிப்பது என்று யோசித்தேன். முதலில் என் முகம்தான் ஞாபகம் வந்தது.

2. ஜோக் சார்

எங்கள் கெமிஸ்ட்ரி ஆசிரியர் தனசேகர் சார். அவருடைய வகுப்பில் யாரும் தூங்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருப்பார். "ஹீலியம் கல்யாணத்துக்கு வந்தா யார்கூடயும் ஒட்டாதுப்பா, மொய் எழுதிட்டுப் போயிடும்" என்பார். கெமிஸ்ட்ரியோடு நிற்கமாட்டார். "கிரிவலம் பதினாலு கிலோமீட்டர் நடந்து கெளம்பின எடத்துக்கே வந்து நிக்கறே. இடப்பெயர்ச்சி பூஜ்யம். சைன்ஸ்படி நீ ஒரு வேலையும் செய்யலை!" என்று பிசிக்ஸிலும் கை வைப்பார். வகுப்பு குலுங்கும். அதையெல்லாம் வீடியோ எடுத்துப் போடுவார். வெளியூர் ஆசிரியர்களெல்லாம் பார்த்துப் பாராட்டுவார்கள். அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர் "ஜோக் சார் இருக்கிற ஸ்கூல்தானே?" என்று கேட்டு வந்தார்கள். நிர்வாகத்துக்கு வேறென்ன வேண்டும்?

அவருக்கு ஒரு வழக்கம். பாடம் நடத்தி முடித்ததும் ஜோக் சொல்வார். வகுப்பு சிரித்தால் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். "சிரிச்சுட்டாங்கன்னா புரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம்ங்க அக்கா. புரியாம எவன் சிரிப்பான்?" என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நானும் தலையாட்டினேன்.

ஆசிட்டுக்கு அவர் சொன்ன ஜோக் இதுதான். "மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போலாம். ராஜ மரியாதை. மாமியார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா? டமால்!" மாப்பிள்ளை என்றால் ஆசிட். மாமியார் என்றால் தண்ணீர். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றலாம், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. தெரிந்தவர்களுக்கு நல்ல ஜோக்தான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். லேப் வாசலில் ஒரு சின்னக் கரும்பலகை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் இரண்டு வரி இருந்தது. "அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்று. நீரை ஒருபோதும் அமிலத்தில் ஊற்றாதே." மங்கினால் நான்தான் மறுபடி எழுதுவேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். தனசேகர் சார் ஒருநாள் வந்து, "அக்கா, இதை எவன் படிக்கிறான்? டெய்லி ஒரு ஜோக் எழுதுங்க, பசங்க நின்னு படிப்பாங்க" என்றார். எனக்கும் ஆசையாக இருந்தது. ஈரத்துணியை எடுத்து அந்த இரண்டு வரியையும் நானே துடைத்தேன். ஹீலியம் எழுதினேன், கிரிவலம் எழுதினேன். பிராக்டிகல் ஆரம்பித்த வாரம் மாமியார் ஜோக்கை எழுதி, கீழே "புரிந்தவர் சிரிக்க" என்றும் எழுதினேன். சொந்தமாகச் சேர்த்தது. அதற்கு சாரிடம் பாராட்டு வேறு.

பிள்ளைகள் நின்று படித்தார்கள். சிரித்தார்கள். ரேவதியும் சிரித்தாள்.

3. மேடம் ரூம்

மறுநாள் தலைமையாசிரியை மேடம் கூப்பிட்டார்கள். உள்ளே தனசேகர் சார், ரேவதி, அவள் அம்மா. ரேவதி கையில் கட்டு. அவள் அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி சுக்கு காபி விற்கிறவர். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

மேடம் மெதுவாகத்தான் பேசினார்கள். "பாருங்கம்மா, உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா லேபுக்கு ஜாஸ்தி கவனம் வேணும். இவ அஜாக்கிரதையா இருந்துட்டா. நாளைக்குப் பெருசா ஏதாச்சும் ஆச்சுன்னா? காமர்ஸ் குரூப்புக்கு மாத்திடலாம். இப்ப மாத்தினா லேட்டு இல்ல."

மேஜைமேல் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று குரூப் மாற்ற விண்ணப்பம். இன்னொன்றில் "மாணவியின் கவனக்குறைவால்" என்று ஆரம்பிக்கும் நாலு வரி.

ரேவதிக்கு நர்சிங் படிக்க ஆசை. காமர்ஸுக்குப் போனால் அது அவ்வளவுதான். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, "நீங்க சொன்னா சரிங்க மேடம். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போடாதீங்கம்மா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மேடம், இவ அஜாக்கிரதையா இல்ல. ரொம்ப ஜாக்கிரதையா, யோசிச்சு, சார் சொன்னதைத்தான் செஞ்சா. இவளுக்கு மாமியார்னா ஆசிட்டு."

தனசேகர் சாருக்கு முகம் சிவந்தது. "நான் தெளிவா சொல்லிக் குடுத்தேங்க மேடம். எது ஆசிட், எது தண்ணி, போர்டுல எழுதிப் போட்டேன். கிளாஸ் ஃபுல்லா சிரிச்சது. வீடியோவே இருக்கு. இவளும் சிரிக்கறா, வேணும்னா பாருங்க."

"ஏன்டி சிரிச்சே?" என்று ரேவதியைக் கேட்டேன்.

"எல்லாரும் சிரிச்சாங்கக்கா" என்றாள். அப்புறம் மெதுவாக, "எங்கம்மாவைப் பெத்த ஆயாவும் எங்கப்பாவும் சண்டை போடும்போது எங்க ஆயாதான்கா பொங்கும். எங்கப்பா தண்ணி மாதிரி கம்முனு இருப்பாரு. அதான் மாமியார் ஆசிட்டுனு நெனச்சேன்" என்றாள்.

அவள் அம்மா புடவை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"மேடம், பத்து நிமிஷம் குடுங்க. இவ ஒருத்தி மட்டும்தான் அஜாக்கிரதைன்னா நானே அந்தப் பேப்பரைப் பிடிக்கிறேன், அந்தம்மா கையெழுத்துப் போடட்டும்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மேடம் என் கோபத்தைப் பார்த்துப் பழகியவர்கள். "சரி, போங்க" என்றார்கள்.

4. அரைத்தாள்

பிளஸ் ஒன் வகுப்புக்குப் போனேன். சாரும் கூடவே வந்தார், வேகமாக. ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தேன். "சார், அந்த ஜோக்கை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். அவர் என்னை முறைத்துக்கொண்டே சொன்னார். "டமால்" வந்ததும் வகுப்பு சிரித்தது. நன்றாகவே சிரித்தது.

"இப்ப எழுதுங்க. இதுல மாமியார் ஆசிட்டா, தண்ணியா? தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க. பேரு எழுத வேணாம். பக்கத்துல பார்த்தீங்க, தொலைச்சுடுவேன்."

பலர் பேனாவைக் கடித்துக்கொண்டு தாளையே பார்த்தார்கள்.

ரேவதி இல்லாமல் நாற்பது தாள். பன்னிரண்டு பேர் தண்ணீர் என்று எழுதியிருந்தார்கள். பதினேழு பேர் ஆசிட். மீதி பதினொன்றில் சிலது வெறும் தாள், சிலதில் தெரியாது. ஒரு தாளில், "சார் கடைசியில் கையைத் தட்டுவார், அப்போது சிரிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தது.

அதைத்தான் முதலில் சார் கையில் கொடுத்தேன்.

வராந்தாவில் நின்று படித்தார். பதினேழு தாளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நான் சொல்லிக் குடுத்தேன் அக்கா. சத்தியமா சொல்லிக் குடுத்தேன்" என்றார். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. "என்னைக்கு சார்?" என்று கேட்டேன். அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே மூடிவிட்டார். அது பௌர்ணமி. அன்றைக்கு எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவதில்லை. கடை போடுகிற வீட்டுப் பிள்ளைகள், அன்னதானத்துக்குப் பரிமாறப் போகிற பிள்ளைகள், கூட்டத்தில் பஸ் கிடைக்காத கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகள். ரேவதி அம்மாவோடு மலையைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், டம்ளர் தூக்கிக்கொண்டு. சார் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார். மறுநாள் வந்தவர்களுக்கு ஜோக்கை மட்டும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

"மத்த ஜோக்கெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"அதையும் நாளைக்குக் கேட்டுடலாம் சார், பேப்பர் இருக்கு" என்றேன். இரக்கமே இல்லாமல் சொன்னேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் கசக்கக் கூடாது என்று உண்மையிலேயே பாடுபட்டவர். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. கெட்டவராக இருந்தால் ஒரே நாளில் திட்டித் தீர்த்திருப்பேன்.

5. மெமோ

தாள்களை மேடம் மேஜையில் வைத்தோம். மேடம் படித்துவிட்டு குரூப் மாற்றும் விண்ணப்பத்தை எடுத்துக் கிழித்தார்கள். ரேவதி முதல் தடவையாக அழுதது அப்போதுதான்.

அதற்காக மேடத்தைப் புகழப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். ரெஜிஸ்டரில் "தற்செயலாக நிகழ்ந்த சிறு விபத்து" என்று எழுதினார்கள். தற்செயலாம்! ஒரு வருஷமாக ஆசிரியரும், லேப் அசிஸ்டென்ட்டும், வீடியோ பார்த்த அத்தனை பேரும் கூட்டாகச் சேர்ந்து செய்த வேலை, தற்செயல்.

"யாருக்கும் பிரச்சினை வேணாம் மெஹர். விடுங்க" என்றார்கள் மேடம்.

"எனக்கு மெமோ குடுங்க மேடம்."

"என்னது?"

"பாட்டிலைப் பூட்டல. போர்டுல இருந்த ரூலை அழிச்சேன். அதுக்கு மெமோ குடுங்க. நான் பதில் எழுதித் தர்றேன். ஃபைல்ல இருக்கட்டும். நாளைக்கு எனக்கப்புறம் வர்றவங்க படிக்கட்டும்."

மேடத்துக்கு என்மேல் கோபம் வந்தது. மெமோ கேட்டு வாங்குகிறவளை அவர்கள் பார்த்ததில்லை. கடைசியில் கொடுத்தார்கள். "விதியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சிரிப்பு எழுதினேன். சிரித்தவர்களைப் பார்த்து, புரிந்துகொண்டார்கள் என்று நம்பினேன்" என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ. அது ஃபைலில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அன்று சாயங்காலமே பெயின்ட் வாங்கி வந்து அந்த இரண்டு வரியையும் கரும்பலகையின் மேல்பாதியில் எழுதினேன். இனி ஈரத்துணிக்கு அது அழியாது. கீழ்ப்பாதியில் ஜோக் எழுதுவதை நிறுத்தவில்லை. சிரிப்பின்மேல் எனக்கு என்ன பகை? ஆனால் பிராக்டிகலுக்கு உள்ளே நுழைகிற பிள்ளைகளில் யாராவது சிரித்தால், வாசலிலேயே நிறுத்தி "ஏன்?" என்று கேட்பேன். முதல் மாதம் பிள்ளைகளுக்கு எரிச்சலாக இருந்தது. "ஏன் அக்கா" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தனசேகர் சாரும் ஜோக் சொன்னபிறகு ரோல் நம்பர் கூப்பிட்டு விளக்கம் கேட்க ஆரம்பித்தார். வீடியோ நீளமாகிவிட்டது, பார்க்கிறவர்கள் கம்மியாகிவிட்டார்கள் என்று ஒருநாள் சொன்னார். நான் ஆறுதல் சொல்லவில்லை.

6. எக்ஸ்டர்னல்

அடுத்த வருஷம் பிளஸ் டூ பிராக்டிகல் எக்ஸாம். வேறு ஊரிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்திருந்தார். நல்ல மனிதர், பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று நினைக்கிறவர். நான் ப்யூரெட் நிரப்பிக்கொண்டிருந்தேன். வைவா கேள்விகளுக்கு ரேவதி போய் நின்றாள்.

"சல்ப்யூரிக் ஆசிட்டை எப்படிம்மா டைல்யூட் பண்ணுவே?"

அவள் நிதானமாகச் சொன்னாள். தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, பீக்கர் ஓரமாக, கலக்கிக்கொண்டே. ஏன் என்று கேட்டார். வெப்பம் வெளிவரும், தண்ணீர் நிறைய இருந்தால் அது வாங்கிக்கொள்ளும், கொஞ்சமாக இருந்தால் கொதித்துத் தெறிக்கும் என்றாள். மாமியாரும் வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. மணிக்கட்டில் தழும்பு தெரிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"வெரி குட். எந்த ஊரும்மா?"

"அடி அண்ணாமலைங்க சார்."

"ஓ, கிரிவலப் பாதையா?" அவர் சாய்ந்து உட்கார்ந்து, மற்ற பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார். "பதினாலு கிலோமீட்டர் சுத்திட்டு அதே எடத்துக்கு வந்துடறாங்க. இடப்பெயர்ச்சி பூஜ்யம். அப்போ சைன்ஸ்படி ஒரு வேலையும் செய்யலை!"

லேப் முழுக்கச் சிரிப்பு. இன்டர்னலாக உட்கார்ந்திருந்த தனசேகர் சார் புன்னகைத்தார், அவருடைய ஜோக் ஊர் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. நானும் சிரித்தேன். என் கையால் வாசலில் எழுதிய ஜோக் ஆயிற்றே.

ரேவதி சிரிக்கவில்லை.

மார்க் போடப் போகிறவர் எதிரில் உட்கார்ந்து ஜோக் சொல்கிறார். பல்லைக் காட்டினால் முடிந்தது. இந்தப் பெண் என்ன செய்கிறாள்?

"புரியலைங்க சார்" என்றாள். "ஏன் வேலை இல்ல?"

சிரிப்பு நின்றது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இடப்பெயர்ச்சி பூஜ்யம்மா. விசை பெருக்கல் இடப்பெயர்ச்சிதானே வேலை? அப்போ வேலையும் பூஜ்யம்."

"எங்கம்மா ஃபிளாஸ்க் தூக்கினு சுத்துவாங்க சார். வந்து உக்காந்தா காலெல்லாம் கொப்புளம். வேலையே செய்யலைன்னா அந்தக் கொப்புளம் எப்படி சார் வந்துச்சு? ஒவ்வொரு அடிக்கும் தரை தேய்க்குதே, அது கணக்கு இல்லையா?"

எக்ஸ்டர்னல் பேனாவை எடுத்து எதிரிலிருந்த தாளில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்தின் ஓரத்தில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் போட்டார். தனசேகர் சார் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இவ சொல்றது சரிங்க" என்றார் எக்ஸ்டர்னல், சாரைப் பார்த்து. பிறகு ரேவதியிடம், "இடப்பெயர்ச்சிதான் பூஜ்யம்மா. உராய்வுக்கு எதிரா செஞ்ச வேலை பூஜ்யம் இல்ல, வழி நெடுக அதைக் கூட்டணும். நான் சொன்னது தப்பு. இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன், யாரும் கேக்கல" என்றார்.

"இப்பப் புரிஞ்சுதுங்க சார்" என்றாள் ரேவதி. அதற்கப்புறம் சிரித்தாள். அவள் ஒருத்திதான் சிரித்தாள்.

நான் ப்யூரெட்டைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை வருஷம், எத்தனை வகுப்பு, எத்தனை ஆயிரம் சிரிப்பு. அந்த ஜோக்கே தப்பு. அதை அச்சு மாதிரிக் கையெழுத்தில் எழுதி வாசலில் வைத்தவள் நான். வாசலில் நின்று எல்லோரையும் "ஏன்" என்று கேட்டவள், என்னை ஒரு தடவை கேட்டுக்கொள்ளவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கான்சன்ட்ரேட்டட் ஆசிட்டைப் பூட்டி வையுங்கள். வாசலில் இருக்கிற விதியை அழிக்காதீர்கள். வகுப்பே சிரிக்கிறபோது ஒரு பிள்ளை சிரிக்காமல் நின்றால், அந்தப் பிள்ளையை முறைக்காதீர்கள். வேலையை நிறுத்திவிட்டு அது என்ன கேட்கிறது என்று கேளுங்கள்.